சரக்கு ரெடி, கன்டெய்னர் ரெடி... ஏடி கோட் எங்கே? ஏற்றுமதியாளரை வாசலில் நிறுத்தும் 14 இலக்க எண்

கரூரில் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மேசை விரிப்பு, கிச்சன் டவல் தைக்கிறார்கள். இத்தனை நாளும் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, முதல்முறையாக ஜெர்மனியில் இருந்து நேரடி ஆர்டர் கிடைக்கிறது. துணி வாங்கியாச்சு, தைத்தாச்சு, பேக்கிங்கும் முடிஞ்சாச்சு. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் கிளம்ப நான்கு நாள்தான் பாக்கி.

அப்போது சுங்க முகவரிடம் இருந்து போன் வருகிறது. "ஏடி கோட் போர்ட்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களாங்க?"

"ஜிஎஸ்டி இருக்கு, ஐஇசி இருக்கு. அது என்னங்க ஏடி கோட்?"

இந்தப் பதிலுக்குப் பிறகு அந்த நான்கு நாளும் வங்கிக் கிளைக்கும் கணினிக்கும் நடுவே ஓடுவதிலேயே போய்விடும். கப்பலை விட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். வாங்குபவர் கொடுத்த கெடு தாண்டலாம். கடன் வாங்கிப் போட்ட முதல் குடோனில் தூங்கும். முதல் ஆர்டரிலேயே பெயர் கெட்டுப்போகும்.

இத்தனைக்கும் காரணம் வெறும் 14 இலக்க எண். அது என்ன, ஏன் கேட்கிறார்கள், எங்கே சிக்கல் வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏடி கோட் என்றால் என்ன?

ஏடி என்பது 'ஆத்தரைஸ்டு டீலர்' என்பதன் சுருக்கம். அந்நியச் செலாவணியைக் கையாள ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்ற வங்கி என்று அர்த்தம். டாலர், யூரோ எதுவாக இருந்தாலும் ஏற்றுமதிக்கான பணம் இப்படிப்பட்ட வங்கி வழியாகத்தான் இந்தியாவுக்குள் வர முடியும்.

அந்த வங்கிக் கிளைக்கு உரிய 14 இலக்க அடையாள எண்தான் ஏடி கோட்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். 'என் ஏடி கோட்' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், அந்த எண் ஏற்றுமதியாளருடையது இல்லை, வங்கிக் கிளையுடையது. ஒரே கிளையில் கணக்கு வைத்திருக்கும் பத்து ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரே கோடுதான் இருக்கும்.

அப்படியென்றால் எதைப் 'பதிவு' செய்கிறோம்? இணைப்பைத்தான். 'இந்த ஏற்றுமதியாளர், இந்தக் கிளையில், இந்தக் கணக்கு வழியாக வெளிநாட்டுப் பணத்தை வாங்குவார்' என்று வங்கி எழுதிக் கொடுக்கிறது. அதைச் சுங்கத்துறையின் கணினி ஏற்றுக்கொள்கிறது. அது நடந்தால்தான் அந்தக் கோடு உங்கள் பெயரில் வேலை செய்யும். வங்கியில் வேலை செய்யும் நண்பரிடம் எண்ணை மட்டும் கேட்டு வாங்கினால் பிரயோஜனம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வங்கி எண்ணைச் சுங்கத்துறை ஏன் கேட்கிறது?

சரக்கு வெளியே போவதைப் பார்ப்பது சுங்கத்துறை. பணம் உள்ளே வருவதைப் பார்ப்பது வங்கி. இரண்டையும் முடிச்சுப் போடத்தான் இந்தக் கோடு.

1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, ஏற்றுமதியாளருக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. சரக்கின் முழு மதிப்பையும் உண்மையாக அறிவிக்க வேண்டும். அந்தப் பணத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இது ஏன் முக்கியம்? ஒரு லட்சம் டாலர் சரக்கை அனுப்பிவிட்டு, கணக்கில் அறுபதாயிரம் என்று காட்டினால் மீதி நாற்பதாயிரம் வெளிநாட்டிலேயே தங்கிவிடும். நேர்மாறாகவும் நடக்கும். ஒன்றுமில்லாத சரக்குக்குப் பெரிய விலை போட்டு, அரசு தரும் சலுகைகளைச் சுருட்டப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டையும் பிடிக்க வேண்டுமென்றால் சரக்கின் கணக்கும் பணத்தின் கணக்கும் ஒரே இடத்தில் ஒத்துப்போக வேண்டும்.

அதற்காகவே 2014 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒரு கணினி அமைப்பைக் கொண்டுவந்தது. பெயர் இடிபிஎம்எஸ். அது வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். நீங்கள் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் விவரம் சுங்கத்துறையிடம் இருந்து இந்த அமைப்புக்குப் போகும். அதில் உள்ள ஏடி கோடைப் பார்த்து, உரிய வங்கியின் பட்டியலில் உங்கள் பில் 'நிலுவை' என்று உட்காரும். பணம் வந்ததும் வங்கி அதை முடித்துவைக்கும்.

ஏடி கோட் இல்லையென்றால் அந்த பில் எந்த வங்கியின் பட்டியலுக்குப் போகும் என்று தெரியாது. அதனால்தான் கோட் இல்லாமல் ஷிப்பிங் பில்லே உருவாகாது. ஷிப்பிங் பில் இல்லாமல் சரக்கு நகராது. இறக்குமதிக்கும் 2016 முதல் ஐடிபிஎம்எஸ் என்று இதே மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது.

ஐஇசி இருக்கே, அது போதாதா?

போதாது. ஏற்றுமதியில் மூன்று தனித்தனி அடையாளங்கள் இருக்கின்றன, மூன்றையும் கொடுப்பது மூன்று தனித்தனி இடங்கள்.

*ஐஇசி:* வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கொடுப்பது. நீங்கள் ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தகுதியானவர் என்பதற்கான அடையாளம். ஜிஎஸ்டி வந்தபிறகு உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் இருக்கிறது. ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும்.

*ஜிஎஸ்டி எண்:* வரிக் கணக்குக்கும் ரீஃபண்டுக்கும்.

*ஏடி கோட்:* பணம் வரும் பாதைக்கு.

முதல் இரண்டும் வீட்டில் உட்கார்ந்தே முடிந்துவிடும் வேலை. மூன்றாவதுக்கு வங்கி மேலாளரின் கையெழுத்தும் சீலும் வேண்டும். புதியவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

எப்படி வாங்குவது?

முதலில், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கிளை அந்நியச் செலாவணி வேலை பார்க்கும் கிளையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளிலும் அந்த வேலை நடக்காது. சிறிய ஊர்க் கிளை என்றால் பக்கத்து நகரத்தில் உள்ள பெரிய கிளை வழியாகச் செய்துகொடுப்பார்கள். அப்போது கடிதத்தில் வரும் ஏடி கோட் அந்தப் பெரிய கிளையுடையதாக இருக்கும். இதைப் பார்த்து 'தப்பா போட்டுட்டாங்களோ' என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து, ஏடி கோட் கடிதம் கேட்டு வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கியின் லெட்டர்ஹெட்டில், நிறுவனத்தின் பெயர், ஐஇசி, கணக்கு எண், 14 இலக்க கோட், அதிகாரியின் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்து, டிஜிட்டல் கையெழுத்தையும் இணைக்க வேண்டும். உள்ளே வங்கிக் கணக்கு மேலாண்மைப் பகுதியில் ஏடி கோட் விவரங்களை நிரப்பி, கடிதத்தைப் பதிவேற்றினால், சுங்க அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் தருவார். முன்பு இதற்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரில் போக வேண்டியிருந்தது. இப்போது ஆன்லைனிலேயே முடிகிறது. இந்தப் பதிவுக்கு அரசுக் கட்டணமும் இல்லை. வங்கி கடிதத்துக்குத் தன் பங்குக்கு ஒரு தொகை வாங்கலாம். ஏஜென்ட் வாங்குவது அவருடைய சேவைக் கட்டணம். 'கவர்ன்மென்ட் ஃபீஸ்' என்று பெரிய தொகை கேட்டால் ரசீது கேளுங்கள்.

எங்கே சிக்குகிறது?

*ஒன்று, துறைமுகம்.* ஏடி கோட் பதிவு நெடுங்காலமாக ஒவ்வொரு சுங்க நிலையத்துக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டு வருவது. தூத்துக்குடியில் பதிந்திருப்பார்கள். கப்பலுக்கு நேரமில்லை, சென்னை விமான சரக்ககத்தில் அனுப்பலாம் என்று கடைசி நேரத்தில் முடிவெடுப்பார்கள். அங்கே பதிவு இருக்காது. சென்னை துறைமுகமும் சென்னை விமான நிலையமும் ஒரே ஊர்தான், ஆனால் சுங்கக் கணக்கில் இரண்டும் வேறு வேறு நிலையங்கள். அதனால் அனுப்ப வாய்ப்புள்ள எல்லா இடங்களுக்கும் உங்கள் பதிவு என்ன நிலையில் இருக்கிறது என்று ஐஸ்கேட்டில் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

*இரண்டு, பெயர்.* பான் அட்டையில் 'ஸ்ரீ' இருக்கும், வங்கிக் கணக்கில் இருக்காது. ஐஇசியில் 'எக்ஸ்போர்ட்ஸ்', வங்கியில் 'எக்ஸ்போர்ட்'. மனிதர்கள் பார்த்தால் ஒன்றுதான் என்று விட்டுவிடுவார்கள். கணினி விடாது.

*மூன்று, கிளை.* கணக்கை வேறு கிளைக்கு மாற்றினாலோ, வங்கிகள் ஒன்றாக இணைந்தாலோ பழைய விவரம் செல்லாமல் போகலாம். 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்ததுபோல பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தன. அதன் தொடர்ச்சியாகக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண்களும் மாறின. பழைய கடிதத்தை நம்பிக் கொண்டிருந்தால் சிக்கல், ஷிப்பிங் பில் போடும் அன்றுதான் தெரியவரும்.

*நான்கு, வேறு வங்கிக்கு வரும் பணம்.* ஷிப்பிங் பில்லில் ஒரு வங்கியின் கோட் இருக்கும். வாங்குபவர் பழைய இன்வாய்ஸைப் பார்த்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பிவிடுவார். பணம் வந்துவிட்டது, ஆனால் முதல் வங்கியின் பட்டியலில் பில் நிலுவையாகவே நிற்கும். அந்த பில்லை முதல் வங்கி இரண்டாவது வங்கிக்கு மாற்றிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளின் கோடுகளைப் பதிந்து வைத்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த பில்லுக்கு எந்த வங்கி என்பதை இன்வாய்ஸ் போடும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

*ஐந்து, ரீஃபண்ட் கணக்கு.* ஏடி கோட் பதிந்தாச்சு, இனி ஜிஎஸ்டி ரீஃபண்டும் டிராபேக்கும் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. ஏடி கோட் வெளிநாட்டில் இருந்து பணம் வரும் வழி. டிராபேக், ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் ஆகியவை அரசிடம் இருந்து வருபவை. அவற்றுக்கான வங்கிக் கணக்கை ஐஸ்கேட்டில் தனியாகப் பதிந்து, அது சரிபார்க்கப்பட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் பதிவு இரண்டு.

'ஃப்ரெண்டோட ஐஇசியில அனுப்பிடலாமா?'

கடைசி நேர நெருக்கடியில் காதில் விழும் யோசனை இது. 'அவர்கிட்ட எல்லாம் இருக்கு, அவர் பேர்ல அனுப்பிடுங்க, பணம் வந்ததும் வாங்கிக்கலாம்.'

இதில் சரக்கு உங்களுடையது, சட்டப்படி ஏற்றுமதியாளர் அவர். ஷிப்பிங் பில் அவர் பெயரில், நிலுவை அவர் வங்கியில், பணம் வர வேண்டியதும் அவர் கணக்குக்கு. வாங்குபவர் ஏமாற்றிவிட்டால் வங்கி கேட்பது அவரைத்தான். சரக்கில் ஏதாவது பிரச்னை என்றால் சுங்கத்துறை கூப்பிடுவதும் அவரைத்தான். அவர் பணத்தைத் தராவிட்டால், 'இது என் ஏற்றுமதி' என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

முறையான வழி ஒன்று இருக்கிறது. அவருக்கு ஜிஎஸ்டி பில் போட்டுச் சரக்கை விற்றுவிடுங்கள். அவர் வணிக ஏற்றுமதியாளராக அதை வெளிநாட்டுக்கு அனுப்பட்டும். லாபம் கொஞ்சம் குறையும், ராத்திரி தூக்கம் வரும்.

சரக்கு போன பிறகு?

கப்பல் கிளம்பியதோடு கோடின் வேலை முடிவதில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் உள்ளிட்ட ஆவணங்களை 21 நாட்களுக்குள் அந்த ஏடி வங்கியிடம் கொடுக்க வேண்டும். பணம் வருவதற்கான கெடுவும் ஏற்றுமதித் தேதியில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

அந்தக் கெடு 9 மாதமாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரியை அமல்படுத்தியது. திருப்பூர் பின்னலாடை முதல் தூத்துக்குடி இறால் வரை பல தொழில்களில் ஆர்டர்களும் பணமும் தள்ளிப்போகும் நிலை ஏற்பட்டது. இந்தச் சூழலில், 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி கெடுவை 15 மாதமாக நீட்டித்தது. முன்பணம் வாங்கியவர்கள் சரக்கை அனுப்ப வேண்டிய காலமும் ஓராண்டில் இருந்து மூன்றாண்டாக உயர்ந்தது.

பணம் வந்த பிறகு அதற்கான சான்று வேண்டும். ஏற்றுமதிச் சலுகைகளுக்கு அதுதான் ஆதாரம். முன்பு வங்கிகள் அதைத் தயாரித்தன. 2023 நவம்பரில் இருந்து, வங்கி அனுப்பும் மின்னணுப் பணவரவுத் தகவலை வைத்து ஏற்றுமதியாளரே இணையத்தில் சான்றை உருவாக்கிக்கொள்ளும் முறை வந்துவிட்டது.

யாருக்கு இது தேவையில்லை?

பெங்களூருவிலோ மதுரையிலோ உட்கார்ந்து வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு டிசைன் செய்து தரும் ஃப்ரீலான்சருக்கு ஏடி கோட் பதிவு வேண்டியதில்லை. காரணம், அவருடைய வேலை சுங்கத்தைக் கடப்பதில்லை. ஆனால் பணம் முறையான வங்கி வழியில், சரியான காரணக் குறியீட்டோடு வர வேண்டும். சாஃப்ட்வேர் ஏற்றுமதிக்கு சாஃப்டெக்ஸ் என்று தனிப் படிவமே இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் நகை, புடவை, ஊறுகாய் விற்று வெளிநாட்டுக்கு கூரியரில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: அது வியாபாரம், அதனால் அது ஏற்றுமதி. கூரியரில் வணிகச் சரக்கு அனுப்பும் சிஎஸ்பி-5 முறைக்கும் ஐஇசி, ஏடி கோட் இரண்டும் கேட்பார்கள். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினால் அந்த விற்பனைக்கு ஏற்றுமதி என்ற அந்தஸ்தே கிடைக்காது. ரீஃபண்ட், சலுகை எதையும் கேட்க முடியாது. பொய்யான அறிவிப்பு என்ற சிக்கல் வேறு.

கதவு மாறியது, பூட்டு மாறவில்லை

கடந்த சில ஆண்டுகளின் மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் பணம் வராத பில் இருந்தால் ஏற்றுமதியாளரின் பெயர் தானாகவே எச்சரிக்கைப் பட்டியலில் ஏறும் முறை முன்பு இருந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தியது. 2025 அக்டோபரில் இன்னொரு படி. 10 லட்சம் ரூபாய் வரையிலான ஒரு பில்லுக்குப் பணம் வந்துவிட்டது என்று ஏற்றுமதியாளரே அறிவித்தால், அதை ஏற்று வங்கி கணக்கை முடிக்கலாம். நவம்பரில் கெடு நீண்டது. மொத்தத்தில், சரக்கு போன பிறகு சின்ன ஏற்றுமதியாளரை நம்பலாம் என்ற முடிவுக்கு அரசு வந்திருக்கிறது.

ஆனால் உள்ளே நுழையும் வாசலில் அந்த நம்பிக்கை இன்னும் முழுசாக எட்டிப்பார்க்கவில்லை. ஐஇசியும் ஜிஎஸ்டியும் பான் எண்ணை வைத்து ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. ரிசர்வ் வங்கிக்கும் சுங்கத்துறைக்கும் நடுவே பில் விவரங்கள் கணினி வழியாகவே போகின்றன. இவ்வளவு இணைந்த அமைப்பில், 'இவர் எங்கள் வாடிக்கையாளர்தான்' என்ற ஒரு வரியை மட்டும் காகிதத்தில் அச்சடித்து, சீல் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றும் வேலை ஏற்றுமதியாளர் தலையில் இருக்கிறது. வங்கி அந்தத் தகவலை நேராக ஐஸ்கேட்டுக்கு அனுப்ப முடிந்தால், பெயர்ப் பிழை முதல் கிளை மாற்றம் வரை பாதி சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரிய நிறுவனத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. தனி ஏற்றுமதிப் பிரிவு இருக்கும், வங்கியில் இருந்தே ஆள் தேடி வருவார். அடிபடுவது முதல் ஆர்டர்காரர்தான். கிளையில் அந்த வேலை தெரிந்த ஒரே அதிகாரி லீவில் இருந்தால் அவருடைய கன்டெய்னரும் லீவில்தான். சின்ன ஊர்களில் இருந்தும் ஏற்றுமதி பெருக வேண்டும் என்று நினைக்கும் அரசு முதலில் சரிசெய்ய வேண்டிய இடமும் இந்தக் கிளைக் கவுன்ட்டர்தான்.

அதுவரை என்ன செய்யலாம்?

ஆர்டர் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஐஇசி கைக்கு வந்த அன்றே வங்கிக்குப் போய் ஏடி கோட் கடிதம் கேளுங்கள். பான், ஐஇசி, ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே கணக்கு எண்ணையும் 14 இலக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். ஐஸ்கேட்டில் ஏடி கோட், ரீஃபண்ட் கணக்கு இரண்டும் ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே வாங்குபவருக்குத் தேதி சொல்லுங்கள்.

கரூர்க்காரர் அந்த நான்கு நாளில் கடிதம் வாங்கி, பதிவேற்றி, ஒப்புதலும் பெற்றுவிடலாம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.